ஏன் மூன்று என்று சொல்லவில்லை?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களோடு பேசச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதை "ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டுச் செலவழிக்காதீர்கள். அப்படிக் கேட்டால் முழங்கால் வலி, மழை, பேரனைப் பள்ளியில் விடும் வேலை என்று நியாயங்கள் வரிசையாக வரும். சொல்லச் சொல்ல அவை அவர்கள் மனத்திலேயே உறுதிப்பட்டுவிடும்.

நான் இப்படித் தொடங்குவேன்: "தினமும் நடப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் அம்மா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்." ஐந்து என்பார். உடனே "ஏன் எட்டு இல்லை?" என்று கேட்டால் பேச்சு மறுபடியும் முழங்காலுக்குப் போய்விடும். "ஏன் மூன்று என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். "கண் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று காரணத்தை அவரே எடுத்து வைப்பார். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். குடிநோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த அனுபவத்திலிருந்து அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய ஊக்க நேர்காணல் முறை இதைத்தான் வலியுறுத்துகிறது: மாற வேண்டிய காரணத்தை நோயாளியின் வாய் சொல்ல வேண்டும்.

ஒன்று, இரண்டு என்று சொல்கிறவரை நெருக்காதீர்கள். "இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா ஐயா?" என்று அனுமதி கேட்டுச் சுருக்கமாகச் சொல்லுங்கள், போதும்.

மனம் இசைந்தவரிடம் "நடப்பீர்களா?" என்று கேட்பதும் பயனற்றது. மரியாதைக்காகத் தலையாட்டுவார். "காலையில் வாசல் தெளித்ததும் நடப்பீர்களா, வெயில் தாழ்ந்த பிறகா? துணைக்கு யார் வருவார்கள்?" என்று கேட்டால், பதில் சொல்லும்போதே திட்டம் உருவாகிவிடும். மாத்திரையை அடிக்கடி மறப்பவரிடம், மறக்காத நாளைப் பற்றிக் கேளுங்கள். காபிப் பொடி டப்பாவின் மேல் அட்டையை வைத்த நாட்களில் ரத்த அழுத்த மாத்திரை தவறவில்லை என்று ஒரு அம்மா சொன்னார். இனி எங்கே வைப்பது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்படி அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த மாதம் வேறொருவர் பணியில் இருந்தாலும் அங்கிருந்தே பேச்சைத் தொடரலாம்.

ஆனால் நோய்க்குறியை விசாரிக்கும்போது பதிலை உள்ளே வைத்துக் கேட்கவே கூடாது. இதில் நான் மிகவும் கண்டிப்பானவள். "நெஞ்சு வலி எதுவும் இல்லைதானே?" என்றால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "நடக்கும்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக் காத்திருங்கள். "காலில் புண் இல்லையே?" என்பது அதைவிட ஆபத்தான கேள்வி. நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதுகூடத் தெரியாது. அவர் உண்மையாகவே இல்லை என்பார். அங்கே கேள்வியை நம்பாமல், செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை நீங்களே பாருங்கள்.