"தலையிடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்

இங்கிலாந்தில் தஞ்சம் கேட்டவர்களுக்கு என்எச்எஸ் (அரச மருத்துவ சேவை) வைத்தியம் இலவசம். ஜிபியில், அதாவது குடும்ப வைத்தியரிடம் பதிய பாஸ்போர்ட்டும் வேண்டாம், விலாச ஆதாரமும் வேண்டாம். வரவேற்பில் மறித்தால், அப்படி விதியில்லை என்று சொல்லுங்கள். மருந்துக்குக் காசு கேட்டால் காசு கட்டத் தேவையில்லை என்பதற்கான HC2 (எச்.சி.2) சான்றிதழைக் காட்டுங்கள்.

சிக்கல் வைத்தியரின் அறைக்குள்தான். நம்மாட்கள் "தலையிடி, நித்திரை வருதில்லை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள், பரசிட்டமோலோடு திரும்புவார்கள். கொஞ்சம் துணிந்த பெண் "ஆமிக்காரர் என்னைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்பார். மொழிபெயர்ப்பாளர் கூச்சத்தில் அதைத் "துன்புறுத்தினார்கள்" என்று மழுப்பிவிட்டால், கணினியில் ஏறுவது அந்த மழுப்பல்தான். பிறகு தஞ்ச வழக்கை முடிவுசெய்யும் ஹோம் ஒஃபிஸில் முழுவதையும் சொல்லும்போது, "வைத்தியரிடம் ஏன் சொல்லவில்லை?" என்று மடக்குவார்கள். ஆண்கள் இன்னும் மோசம். தடுப்பில் நடந்த பாலியல் கொடுமையையும் "அடிச்சவங்கள்" என்பதற்குள் ஒளித்துவிடுகிறார்கள்.

நேரம் எடுக்கும்போதே இரட்டை நேரமும், பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் மொழிபெயர்ப்பாளரும் கேளுங்கள். அது இலவசம். தொலைபேசி வழியாக என்றால் இன்னும் நல்லது, ஊர்க்காரர் முகம் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க இருத்தாதீர்கள். "பாலியல் வல்லுறவு" என்ற சொல்லையே சொல்லுங்கள். வாய் வராவிட்டால் தமிழில் எழுதி நீட்டுங்கள். எழும்புமுன், "என்ன பதிந்தீர்கள், வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அடுத்தது உளச்சிகிச்சை. ஜிபி அனுப்பலாம், நீங்களே என்எச்எஸ் டோக்கிங் தெரபிஸ் என்ற பேச்சுவழிச் சிகிச்சைச் சேவைக்கும் விண்ணப்பிக்கலாம். சித்திரவதைப்பட்டவர்களுக்கென்றே 1985 முதல் ஃபிரீடம் ஃபுரொம் டோர்ச்சர் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது, வழக்கறிஞரிடம் கேளுங்கள். விசர்ப் பட்டம் கட்டுவார்கள் என்ற பயம் வேண்டாம். பேச்சுவழிச் சிகிச்சை பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். அதில் ஒரு சிகிச்சை முறையில் நிலத்தில் கயிறு விரிப்பார்கள்: பிறந்த நாளிலிருந்து இன்றுவரை உங்கள் ஆயுள் அது. நல்லவற்றுக்குப் பூ, கெட்டவற்றுக்குக் கல் வைப்பீர்கள். அன்று எந்தக் கல்லையும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு கல்லாக, மெதுவாக. தொடங்கிய புதிதில் கெட்ட கனவு கூடக்கூடும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாமல், கூடிவிட்டது என்று சிகிச்சையாளரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார்.

ஹோம் ஒஃபிஸ் வேறு ஊருக்கு மாற்றினால் புது விலாசத்தை அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்குப் போன கடிதத்துக்குப் பதிலில்லை என்று பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு வரிசையின் அடியிலிருந்து தொடங்கவேண்டும்.