பழைய வீட்டின் வயரிங்கைப் புதுப்பிக்க எலக்ட்ரீஷியனை அமர்த்துவது எப்படி?

பல பழைய வீடுகளில் வயரிங் போட்ட காலத்தில் சில விளக்குகளும் மின்விசிறிகளும் ஒரு வானொலியும்தான் கணக்கில் இருந்தன. இன்று அதே கம்பிகளின் வழியாகத்தான் கீசர், ஏசி, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு என எல்லாம் மின்சாரம் எடுக்கின்றன. 230 வோல்ட் இணைப்பில் 2000 வாட் ஹீட்டர் ஒன்று மட்டுமே ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். கம்பி வழியே ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், மெல்லிய பழைய கம்பியில் லோடு ஏற ஏற ஆபத்து அதைவிட வேகமாக ஏறுகிறது. சுவிட்சுகளையும் பிளக் பாயிண்டுகளையும் புதிதாக மாற்றிவிட்டு, சுவருக்குள் இருக்கும் கம்பியை அப்படியே விட்டுவிடுவது இந்த ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவைப்பதாகவே முடியும். ஆகவே எலக்ட்ரீஷியனைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எவ்வளவு குறைத்துக் கேட்கிறார் என்பதைவிட, விலை சொல்வதற்கு முன் எதையெல்லாம் திறந்து பார்க்கிறார், எதையெல்லாம் அளந்து பார்க்கிறார் என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

அவரை அழைப்பதற்கு முன் வீட்டுக்காரர் தாமே செய்துகொள்ள வேண்டிய வேலை ஒன்று உண்டு. எதையும் கழற்றாமல், கண்ணாலும் மூக்காலும் காதாலும் அறியக்கூடிய அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தொட்டால் சூடாக இருக்கும் சுவிட்ச் போர்டு, பிளக்கைச் சுற்றிக் கருத்த தடம், பிளாஸ்டிக் தீய்ந்த வாடை, மோட்டார் ஓடத் தொடங்கும்போது மங்கும் விளக்கு, அடிக்கடி போகும் பியூஸ், போர்டிலிருந்து வரும் மெல்லிய ரீங்காரம் ஆகியவை எந்த அறையில், எந்தச் சாதனம் ஓடும்போது தெரிகின்றன என்று குறித்துக்கொண்டால் அது எலக்ட்ரீஷியனுக்குப் பெரிய உதவி. தீய்ந்த வாடையோ கருத்த தடமோ இருந்தால் மட்டும் அந்த இணைப்பை உடனே அணைத்துவிட்டு, வேலை முடியும்வரை பயன்படுத்தாமல் இருங்கள். அதே தாளில், வீட்டிலுள்ள பெரிய சாதனங்களின் வாட் அளவையும், இன்னும் சில ஆண்டுகளில் வாங்க நினைப்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல் எந்த எலக்ட்ரீஷியனாலும் சரியான லோடு கணக்குப் போட முடியாது.

பழைய வயரிங்கில் என்னென்ன இருக்கக்கூடும் என்பதை ஓரளவு தெரிந்து வைத்திருந்தால், வந்தவர் சொல்வதை எடைபோட முடியும். பிவிசி பரவலாவதற்கு முன் ரப்பர் உறையிட்டு, மேலே துணிப் பின்னல் சுற்றிய கம்பிகளே பயன்பட்டன. அத்தகைய வீட்டில் கூரையில் விளக்கு, மின்விசிறியின் கம்பி இணையும் வட்ட மூடியான சீலிங் ரோஸைத் திறந்தால், பல ஆண்டு வெப்பத்தில் ரப்பர் இறுகி, கம்பியைச் சற்று வளைத்தவுடன் பொரிந்து உதிர்ந்து, உள்ளிருக்கும் செம்பு வெறுமனே தெரிவதைக் காணலாம். அந்தக் கம்பிக்கு டேப் சுற்றுவது தீர்வல்ல, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். சில வீடுகளில் அலுமினியக் கம்பி இருக்கும். அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்குவதால் திருகுகளுக்கு அடியில் அது மெல்லத் தளரும். காற்றுப் பட்ட அதன் மேற்பரப்பில் மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலமும் உருவாகும். செம்புக் கம்பியோடு நேரடியாக முறுக்கி இணைத்த இடங்கள்தான் முதலில் சூடாகும். இன்னொன்று பழைய பியூஸ் கட்டை. பியூஸ் அடிக்கடி போகிறதே என்று யாரோ ஒருவர் தடித்த செம்புக் கம்பியைக் கட்டியிருந்தால், அந்தப் பியூஸ் இனிமேல் போகவே போகாது; அதற்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர்தான் எரியும்.

இப்போது ஆளைத் தேடுவதற்கு வருவோம். பழைய வீட்டில் ரீவயரிங் செய்து முடித்தவர்களிடம் விசாரிப்பதே நல்ல வழி. புதுக் கட்டடத்தில் வெறும் செங்கல் சுவரில் பைப் பதித்துப் பழகியவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் ஆட்கள் குடியிருக்கும் வீட்டில், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில் தடம் கண்டுபிடித்து வேலை செய்வது வேறு வகைப் பொறுமையைக் கேட்கும். உங்கள் பகுதியில் மின்பணிக்கு உரிமம் கட்டாயம் என்றால் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அது நடப்பில் உள்ளதா என்பதை வழங்கிய அலுவலகத்திலேயே சரிபாருங்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, வேலைக்கு வருவது வேறு ஆட்கள் என்ற நிலை பல இடங்களில் உண்டு. ஆகவே தினமும் வேலையிடத்தில் நிற்கப் போவது யார், முடிவில் சோதித்துக் கையெழுத்துப் போடப் போவது யார் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முதல் வருகையில் அவர் நடந்துகொள்ளும் விதமே பாதியைச் சொல்லிவிடும். தொலைபேசியிலேயே ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகையைச் சொல்பவர், உங்கள் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே சொல்கிறார். நல்லவர் மெயின் போர்டைத் திறந்து பார்ப்பார், இரண்டு மூன்று சுவிட்ச் போர்டுகளைக் கழற்றிக் கம்பியின் தடிமனையும் உறையின் நிலையையும் பார்ப்பார், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி எங்கே இறங்குகிறது என்று கேட்பார். டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டர், கம்பியைக் கவ்வி அதில் ஓடும் ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஆகியவற்றோடு, கம்பி உறையின் காப்புத் தன்மையை 500 வோல்ட்டில் சோதிக்கும் மெக்கரும் வைத்திருப்பார். மெக்கர் இருக்கிறதா என்று நீங்களே நேரடியாகக் கேட்கலாம். இந்த வேலையைத் தெரிந்து செய்பவர் யாரும் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எர்த் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூன்று துளைகள் உள்ள பிளக் பாயிண்ட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று பொருளில்லை. பல பழைய வீடுகளில் அந்த மூன்றாவது துளை வெறுமையாகவே விடப்பட்டிருக்கும். அதைவிடக் கொடியது, எர்த் முனையையும், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் முனையையும் பாயிண்டுக்குள்ளேயே ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்து வைப்பது. மீட்டரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் பின்னால் எங்கோ நியூட்ரல் அறுந்துவிட்டால், அந்தப் பாயிண்டில் மாட்டிய வாஷிங் மெஷினின் உலோக உடம்பு முழுவதும் பேஸ் மின்சாரம் ஏறி நிற்கும். தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. எர்த்தும் நியூட்ரலும் இணையலாமா, எங்கே இணைய வேண்டும் என்பதை மின்வழங்கு நிறுவனத்தின் விதிமுறை முடிவு செய்யும். எந்த முறையானாலும், பிளக் பாயிண்டுக்குள் இணைப்பதற்கு இடமே இல்லை. வருபவரிடம் ஒவ்வொரு பாயிண்டையும் திறந்து இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் இரண்டு மூன்று பேரிடம் வாங்கி ஒப்பிடுங்கள். அதில் எத்தனை சர்க்யூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதுர மில்லிமீட்டர் வயர், எந்தத் தயாரிப்பு, எம்சிபி (மின்னோட்டம் அளவை மீறினால் தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அளவு என்ன, சுவரில் காடி வெட்டினால் பூசித் தருவது யார் பொறுப்பு என்பவை தனித்தனியாக இருக்க வேண்டும். பொதுவாக விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும், சாதாரண பிளக் பாயிண்டுகளுக்கு 2.5-ம், கீசர், ஏசி போன்றவற்றுக்கு 4-ம் செம்பு வயர் போடுவார்கள். தூரம் அதிகமானாலோ ஒரே பைப்பில் பல வயர்கள் போனாலோ அளவு கூடும். எம்சிபி சாதனத்தைக் காப்பதற்காக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் கடமை, தனக்குப் பின்னால் இருக்கும் வயரைக் காப்பது. அதனால்தான் எம்சிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காக வயரை மாற்றாமல் பெரிய எம்சிபியைப் போட்டுத் தருகிறேன் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது.

முழு வீட்டையும் ஒரே மூச்சில் மாற்றப் பணம் போதாவிட்டால் முறை வைத்துச் செய்யலாம். முதலில் எர்த்தும் மெயின் போர்டும். அதோடு, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. அடுத்து சமையலறை, குளியலறை, ஏசி ஆகியவற்றுக்கு மெயின் போர்டிலிருந்து தனித்தனி லைன்கள். விளக்கு, மின்விசிறி லைன்கள், அவற்றின் உறை நன்றாக இருந்தால், கடைசிக்குக் காத்திருக்கலாம். ஆர்சிசிபி பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கிறது, குறைந்தால் இணைப்பைத் துண்டிக்கிறது. பழைய வீட்டில் அதை மாட்டியவுடன் அடிக்கடி விழுந்தால், ஈரம் ஏறிய சுவரில் கசிவு இருக்கலாம், அல்லது இரண்டு சர்க்யூட்டுகளின் நியூட்ரல் எங்கோ கலந்திருக்கலாம். இன்வெர்ட்டர் லைன் உள்ள வீடுகளில் இந்தக் கலப்பு சாதாரணம். இடத்தைத் தேடிச் சரிசெய்யப் பொழுது போகும் என்பதால், ஆர்சிசிபியையே தவிர்த்துவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

வேலை நடக்கும் நாட்களில் மெயினை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாமல், இன்வெர்ட்டரும் சோலார் இணைப்பும் இருந்தால் அவற்றையும் துண்டிக்கச் செய்யுங்கள். பழைய பைப்புகள் அடைபடாமல் இருந்தால் பழைய வயரையே இழுகம்பியாக வைத்துப் புதியதை உள்ளே இழுக்கலாம், சுவரை உடைக்க வேண்டாம். வயர் இணைப்புகள் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிகளுக்குள் மட்டுமே இருக்க வேண்டும். பூச்சுக்கு அடியில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவை ஒட்டிவைத்துப் புகைப்படம் எடுத்து வைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது வயர் எங்கே போகிறது என்று தெரியும்.

தொகையைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள், கடைசிப் பகுதியைச் சோதனை முடியும்வரை வைத்திருங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டையும் மெக்கரில் சோதித்து அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். சாதாரண வீட்டு மின்னழுத்தத்துக்குக் கம்பி உறையின் காப்புத் தடை 1 மெகாஓம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட குறைந்தபட்ச எல்லை, புது வயரில் அதைவிடப் பல மடங்கு அதிகம் காட்ட வேண்டும். எர்த் அளவு, ஆர்சிசிபி விழும் சோதனை, எம்சிபிகளின் மேல் அறையின் பெயர் எழுதிய சீட்டு, எந்த லைன் எங்கே போகிறது என்ற வரைபடம் ஆகியவற்றையும் வாங்கி, வரைபடத்தின் ஒரு நகலை மெயின் போர்டின் கதவுக்கு உட்புறமே ஒட்டி வையுங்கள். அவர் கிளம்புவதற்கு முன், பெரிய சாதனங்களை எல்லாம் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மெயின் போர்டிலுள்ள ஒவ்வொரு லைனிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டி எவ்வளவு ஆம்பியர் போகிறது, எந்த இணைப்பாவது சூடாகிறதா என்று அவரோடு நின்றே பார்த்துவிடுங்கள்.