தாய்க்கு சிபிலிஸ்: குழந்தையைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பிணிகளைப் பார்க்கும் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள், முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சிபிலிஸ் உடலுறவு வழியாகப் பரவி, தாயிடமிருந்து வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போகும் கிருமித் தொற்று. அதற்கான ரத்தப் பரிசோதனையையே மறப்பது தவறு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கடுத்து நடப்பவைதான் என் கவலை.

பெனிசிலினுக்குப் பதில் வேறு மருந்து

இன்றும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். "பெனிசிலின் ஒத்துக்காது" என்று கர்ப்பிணி சொன்னதும் எரித்ரோமைசினோ அசித்ரோமைசினோ எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையில் "சிகிச்சை முடிந்தது" என்று ஏறிவிடுகிறது. அந்த மருந்துகளை நம்பி வயிற்றிலிருக்கும் குழந்தையை விட முடியாது. குழந்தைக்குள் போய்க் கிருமியை அழிக்கும் என்று உறுதியான மருந்து பெனிசிலின் மட்டுமே.

அப்படி எழுதப்பட்ட அட்டையோடு ஒரு தாய் பிரசவத்துக்கு வந்தார். ஊசி போட்டபோது என்ன ஆனது என்று கேட்டேன். சின்ன வயதில் ஒருமுறை வயிறு கலங்கியதாம். அது ஒவ்வாமையே இல்லை! அந்த ஒரு கேள்வியை மாதக்கணக்கில் யாரும் கேட்கவில்லை. குழந்தை ஈரல் வீங்கி, உள்ளங்கைத் தோல் உரிந்து பிறந்தது.

ஆகவே முதலில் விசாரியுங்கள். மூச்சுத்திணறல் போன்ற உண்மையான ஒவ்வாமை என்றால், மருத்துவமனையில் வைத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி உடலைப் பழக்கிவிட்டு, அப்புறம் பெனிசிலினையே போட வேண்டும்.

ஊசிக்கு ஊசி இடைவெளி

தொற்று எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக 3 ஊசி, ஒவ்வொன்றும் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின். இரண்டு ஊசிக்கு நடுவே 9 நாளைத் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளுக்குள் தொடங்கிய சிகிச்சையைக் குழந்தைக்குப் போதுமானதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கணவரை விட்டுவிடுவது

அவருக்கும் சிகிச்சை கொடுங்கள். இல்லாவிட்டால் தொற்று திரும்பி வரும்.

தொப்புள்கொடி ரத்தம்

குழந்தைக்கான பரிசோதனைக்கு இது வேண்டாம், தாயின் ரத்தம் கலந்திருக்கலாம். குழந்தையின் ரத்தத்தையே எடுங்கள்.

"குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது"

தொற்றோடு பிறக்கும் பல குழந்தைகளுக்குப் பிறந்தபோது எந்த அறிகுறியும் இருக்காது. தாய், குழந்தை இருவரின் ஆர்பிஆர் அளவையும் (சிபிலிஸ் வந்தால் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப்பொருளின் அளவு) ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். குழந்தையுடையது தாயைவிட 4 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் தொற்று இருப்பதாகவே கொள்ளுங்கள்; குறைவாக இருப்பதால் மட்டும் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. 2, 3 மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரச் சொல்லுங்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் மட்டும் என்றால் 6 மாதத்துக்குள் மறைந்துவிடும். மறையவில்லையா, 10 நாள் பெனிசிலின் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.