டார்க் சரி, ஆனால் ஸ்க்ரூ உட்காரவில்லை

அலுமினிய ஹவுசிங்கில் (வெளிக்கூடு) எம்6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள ஸ்க்ரூ முடுக்கும் ரோபோ. டார்க் (முறுக்கு விசை) 10 நியூட்டன் மீட்டர் வந்ததும் பச்சை விளக்கு எரியும். ஆனால் சில ஸ்க்ரூக்களின் தலைக்கு அடியில் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைந்தது. மரை கோணலாகப் பிடித்து இறுகினாலும் டார்க் எகிறிவிடும். டார்க்கை மட்டும் நம்பினால் இது பிடிபடவே பிடிபடாது.

முதலில் ஸ்க்ரூவை லேசாக அழுத்தியபடி ஒரு சுற்று எதிர்ப்பக்கம் திருப்ப வைத்தேன். ‘டக்’கென்று மரையின் வாய்க்குள் விழும். அப்புறம் மெதுவாக 2 சுற்று, பிறகுதான் முழு வேகம்.

கூடவே சுற்றுக் கணக்கு. எம்6-இன் சாதாரண மரைக்கு பிட்ச் (ஒரு சுற்றுக்கு இறங்கும் தூரம்) 1 மி.மீ.; 12 மி.மீ. இறங்க 12 சுற்று வேண்டும். எட்டிலேயே டார்க் வந்தால் ரோபோ நின்று, பாகத்தை ஒதுக்கிவிடும். ஸ்க்ரூவைத் திருப்பும் பிட்டின் நுனி தேய்ந்திருந்தாலும் ஸ்க்ரூ சாயும், அதையும் மாற்றினேன். இப்போது கேஜ் எங்கேயும் நுழைவதில்லை.