சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு எவ்வளவு? வீட்டிலேயே கணக்குப் போடலாம்

"சாயாவுக்குச் சீனி கிடையாது, உடம்பும் ஒல்லி, எனக்கெல்லாம் சுகர் வராது." மார்த்தாண்டத்திலும் கேட்கலாம், குளச்சலிலும் கேட்கலாம். தயவுசெய்து இதை நம்பி இருந்துவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறை நான்கே விஷயங்களைப் பார்க்கிறது. மொத்தம் 100. ஒரு பேப்பரும் தையல் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வயது. 35-க்குள் என்றால் 0. 35 முதல் 49 வரை 20. 50 ஆகிவிட்டால் 30.

படி 2: பெற்றோர். இருவருக்கும் சர்க்கரை இல்லையென்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

படி 3: இடுப்புச் சுற்றளவு. பலரும் பேன்ட் சைஸைச் சொல்லிவிடுகிறார்கள். அது சரிவராது, ஏனென்றால் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். நிமிர்ந்து நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுவில் டேப் சுற்ற வேண்டும். முதுகுப் பக்கம் இறங்கியிருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சு விட்டதும் அளவெடுங்கள். டேப்பில் சென்டிமீட்டர் உள்ள பக்கம்தான் வேண்டும். பெண்களுக்கு 80-க்குள் 0, 80 முதல் 89 வரை 10, 90-ம் மேலும் 20. ஆண்களுக்கு 90-க்குள் 0, 90 முதல் 99 வரை 10, 100-ம் மேலும் 20.

படி 4: உடல் உழைப்பு. கடின வேலையும் தவறாத உடற்பயிற்சியும் இருந்தால் 0. ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30.

இப்போது கூட்டுங்கள். 60-ம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. 30 முதல் 50 வரை நடுத்தரம். 30-க்குக் கீழே குறைவு.

தக்கலையில் தையல் கடை வைத்திருக்கும் 42 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குச் சுகர், இடுப்பு 86, நாள் முழுக்க மெஷின் முன்னால். 20, 10, 10, 30: மொத்தம் 70. தினமும் நடக்கத் தொடங்கினால் 60 ஆகும், இடுப்பும் 80-க்குள் வந்தால் 50. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் 52 வயதுக்காரர், இடுப்பு 84, பெற்றோருக்கு நோய் இல்லை, கடின வேலை உண்டு, தனியாக உடற்பயிற்சி இல்லை. ஒல்லியான அவருக்கும் 50 வருகிறது!

இந்தக் கணக்கில் வராத சிலவும் உண்டு. கர்ப்ப காலத்தில் சுகர் வந்துபோன பெண்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள், பின்கழுத்தில் தோல் கறுத்துத் தடித்தவர்கள் எல்லாம் மதிப்பெண் குறைவாக வந்தாலும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 5: ரத்தப் பரிசோதனை. மதிப்பெண் ஆபத்தைத்தான் காட்டும், நோய் இருக்கிறதா என்று சொல்லாது. 60-ம் அதற்கு மேலும் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். இரவு சாப்பாட்டுக்குப் பின் 8 மணி நேரமாவது தண்ணீர் மட்டும். காலைச் சாயாகூட வேண்டாம். வெறும் வயிற்றில் எடுக்கும் இந்தச் சர்க்கரை அளவு (mg/dL) 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ம் மேலும் வந்தால் இன்னொரு முறை சோதித்து உறுதிசெய்வார்கள்.

உடன்பிறந்தவர்களுக்கும் டேப்பைக் கொடுங்கள். இரண்டாம் படியின் மதிப்பெண் அவர்களுக்கும் அதேதான்.