நிலத்தில் பாதை விடும்போது செய்யும் தவறுகள்

பக்கத்து வயல்காரர் வழி கேட்டால் "போய்க்கோங்க" என்று சொல்லிவிடுகிறோம். கொடுத்தது அனுமதியா, பாத்தியமா (வழி மேல் உள்ள சட்ட உரிமை, அதாவது வசதியுரிமை) என்று அப்போதே தீர்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. அனுமதி ஆளுக்குக் கொடுப்பது. பொதுவாகத் திரும்பப் பெறலாம், நிலத்தை விற்றால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. பாத்தியம் நிலத்தோடு ஒட்டியது, கை மாறினாலும் கூடவே போகும்.

அனுமதிதான் என்றால் யாருக்கு, எதற்கு, எதுவரை என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நிரந்தர வேலை எதுவும் செய்யக்கூடாது என்பதையும் சேருங்கள். அனுமதியை நம்பி அவர் சொந்தச் செலவில் சிறுபாலம் கட்டிவிட்டால், பிறகு ரத்து செய்ய முடியாமல் போகலாம் (பிரிவு 60).

"20 வருஷம் நடந்தாச்சு, பாதை எங்களுடையது" என்பது பாதி உண்மை. வெளிப்படையாக, தகராறின்றி, தடையின்றி, உரிமையாகவே நடந்திருக்க வேண்டும் (அரசு நிலமென்றால் 30 ஆண்டு). அனுமதி கேட்டு நடந்த வருஷங்கள் கணக்கில் சேராது. அதனால் பயந்துபோய் வேலி போடுவதைவிட அந்த ஒரு தாள் நிலக்காரருக்கு நல்ல காப்பு. நடப்பவர் பக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு: பாதையை அடைத்தது தெரிந்தும் ஓராண்டு பொறுத்துப் போனால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

பாத்தியமே கொடுப்பதென்றால் பத்திரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். "மாமூல் வழிநடை பாத்தியங்களுடன்" என்ற பழைய வரி எதையும் சொல்லாது. மூன்றாமவர் நிலத்தில் இல்லாத பாதையை அது உண்டாக்கவும் செய்யாது. சர்வே எண், உட்பிரிவு, எந்த எல்லையை ஒட்டி, நீள அகலம் எத்தனை அடி, நடக்கவா வண்டிக்கா, கேட் இருந்தால் சாவி யாரிடம், மண் அடிக்கும் செலவு யாருடையது: இவ்வளவும் வேண்டும். வரைபடம் இணைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் இரண்டு சர்வே எண்ணிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அகலத்தை டிராக்டருக்கு மட்டும் கணக்கிடாதீர்கள். நெல் அறுவடை இயந்திரம் வளைவில் திரும்ப இன்னும் இடம் கேட்கும்.

கூட்டுப்பட்டாவில் அண்ணன் மட்டும் கையெழுத்திட்டால் தம்பியைக் கட்டுப்படுத்தாது. அடமானத்தில் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கிவிடுவது நல்லது.

சுற்றிப் போவது சிரமம் என்பதற்காக "அவசியப் பாதை" கிடைக்காது. ஒரே சொத்து விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரிந்து, வேறு வழியே இல்லாதபோதுதான் அது எழும். வேறு வழி வந்ததும் முடிந்துவிடும். பின் பாகத்தை மட்டும் விற்பவர்கள், அதற்கு முன் பாகம் வழியே பாதை விட வேண்டிவரும் என்பதை மறந்து, அங்கே வீடும் கட்டிவிடுகிறார்கள்.

எதற்கான பாதை என்று எழுதாமலும் விடாதீர்கள். நடைபாதை வண்டிப்பாதை ஆகாது. விவசாயத்துக்கென்று விட்ட வழியில், பின்னாலுள்ள நிலத்தை மனைகளாகப் போட்டு லாரி ஓட்ட வந்தால், தடுக்க உதவுவது பத்திரத்தில் இருக்கும் அந்த ஒரு வார்த்தைதான்.