ஒரே வாடகை, இரண்டு வேன்: நவக்கிரகச் சுற்றுக்கு எதைப் பிடிப்பது?

ஒன்பது கோயிலையும் இரண்டு நாளில் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், வேன் பிடிக்கிற வேலை யாராவது ஒருவர் தலையில் விழும். கும்பகோணத்தில் நாலு இடத்தில் விசாரித்தால் கடைசியில் இரண்டு வேன் மிஞ்சும். இரண்டும் பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர், வாடகையும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலும் அங்கேதான் குழப்பம். புதுசாகப் பளபளவென்று இருப்பதைப் பிடித்துவிடுகிறோம். முதல்முறை வேன் பிடிப்பவர்கள் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இவை.

படி 1: ஆள் கணக்கும் ஊர்க் கணக்கும்

யார் யார் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர், வண்டி ஏறினால் வாந்தி எடுப்பவர், கைக்குழந்தை எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. பத்துப் பேருக்குப் பன்னிரண்டு சீட் வண்டி சரியாக இருக்கும். மிச்ச இரண்டு சீட்டில் சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர் கேனும் உட்காரும்.

அடுத்து, ஒன்பது கோயிலோடு நிறுத்துகிறீர்களா, பூம்புகார், தரங்கம்பாடி என்று நீளுமா? இதை இப்போதே முடிவு செய்யுங்கள். அடுத்த படியில் பணம் இதை வைத்துத்தான் மாறும்.

படி 2: இரண்டு வாடகையையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவருவது

ஒருவர் கிலோமீட்டர் கணக்கில் சொல்வார், இன்னொருவர் நாள் வாடகை சொல்லி டீசல் உங்களுடையது என்பார். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்.

முதல் வேன்: கிலோமீட்டருக்கு 22 ரூபாய், ஒரு நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா (அவருடைய சாப்பாட்டுப் படி) நாளுக்கு 600. இரண்டு நாளைக்கு 500 கிலோமீட்டர், 11,000 ரூபாய். பேட்டாவோடு 12,200.

இரண்டாவது வேன்: நாள் வாடகை 4,000, அதே பேட்டா, டீசல் நம்முடையது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 95 ரூபாய் என்று போட்டால், 300 கிலோமீட்டருக்கு 30 லிட்டர், 2,850. மொத்தம் 12,050.

பார்க்க ஒன்றுதான். ஆனால் டெல்டாவில் கோயிலுக்குக் கோயில் தூரம் குறைவு. சூரியனார்கோவிலிலிருந்து கஞ்சனூர் கூப்பிடு தூரம். கும்பகோணத்திலிருந்து கிளம்பி ஒன்பதையும் சுற்றினாலும் 300 கிலோமீட்டர் பக்கம்தான் வரும். முதல் வேனில் ஓடாத 200 கிலோமீட்டருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள். அந்த 200-ஐ நீங்கள் உபயோகிப்பதாக இருந்தால், தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையையும் பூம்புகார் கடற்கரையையும் கூடுதல் செலவில்லாமல் பார்க்கலாம். கோயில் மட்டும் போதும் என்றால் இரண்டாவது வேன்தான் கட்டுப்படியாகும்.

ஷெட் எங்கே என்றும் கேளுங்கள். வண்டி தஞ்சாவூரிலிருந்து வந்தால் போக வர 80 கிலோமீட்டர் உங்கள் தலையில். முதல் வேனில் அது மினிமத்துக்குள் அடங்கிவிடும். இரண்டாவதில் இன்னும் 760 ரூபாய் டீசல்.

படி 3: வண்டியை நேரில் பார்ப்பது

போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஷெட்டுக்குப் போங்கள், முடிந்தால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு, மதியம் வெயில் நேரத்தில்.

முதலில் படிக்கட்டு. நெடுஞ்சாலைப் பயணத்தில் காலையில் ஏறினால் மதியம்தான் இறங்குவோம். இந்தச் சுற்றில் அப்படியில்லை. ஒன்பது கோயில், நடுவில் காபி, சாப்பாடு, இரவு லாட்ஜ் என்று பாட்டி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். தரையிலிருந்து முதல் படி எவ்வளவு உயரம், கைப்பிடி எட்டுகிறதா, உள்ளே நடக்கிற வழியில் முழங்கால் இடிக்கிறதா என்று அவரையே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வண்டியில் தானாக ஏறுகிறார், இன்னொன்றில் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்றால், என்னைக் கேட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. புஷ்பேக் சீட், கலர் லைட், டி.வி. எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது ஏ.சி. வெயிலில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கடைசி வரிசையில் உட்காருங்கள். முன்னால் குளிர்வது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு கோயிலிலும் கதவைத் திறந்து மூடுகிற சுற்றில், பின்னால் சீக்கிரம் குளிர்கிற வண்டிதான் வேண்டும். கடைசி வரிசை பின் சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் தூக்கித் தூக்கிப் போடும். வாந்தி வருகிறவர்களை முன்னால் உட்கார வையுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. நாலு டயரையும் ஸ்டெப்னியையும் பாருங்கள். பெட்டிகள் கடைசி சீட்டுக்குப் பின்னால் அடங்குகிற வண்டி நல்லது. மேலே கேரியரில் கட்டினால் ஐப்பசி மழையில் தார்ப்பாய் வேண்டும், தெருவில் தாழ்வாகத் தொங்கும் ஒயர்களையும் பார்த்துப் போக வேண்டும்.

படி 4: பேப்பர்

மஞ்சள் நம்பர் பிளேட் இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடலாம். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் தேதிகளை வண்டி எண்ணை வைத்து எம்பரிவாகன் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கான பெர்மிட் வண்டிக்கு இருக்கிறதா, இல்லையென்றால் செலவு யாருடையது என்று முன்னமே பேசிவிடுங்கள். டீசல் உங்கள் கணக்கு என்றால் ஒரு லாபமும் உண்டு: காரைக்காலில் டீசல் வழக்கமாகச் சில ரூபாய் குறைவு.

படி 5: டிரைவரிடம் ஒரு கேள்வி

“அண்ணே, மதியம் நடை சாத்துவதற்குள் எந்தெந்தக் கோயிலை முடிக்கலாம்?”

பல கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இந்தத் தடத்தில் ஓடிப் பழகியவர் யோசிக்காமல் வரிசையைச் சொல்வார். சனிக்கிழமை திருநள்ளாறு வேண்டாம், வியாழக்கிழமை ஆலங்குடியில் கூட்டம் என்பார். திருநாகேஸ்வரத்தில் ராகுகாலப் பாலபிஷேகம் பார்க்க ஆசை என்றால், ஞாயிறு மாலை நாலரைக்குள் அங்கே கொண்டுபோய் விடுவார். “நீங்க சொல்ற இடத்துக்குப் போறேன் சார்” என்று மட்டும் சொல்பவரோடு போனால், மூடிய கதவுக்கு முன்னால் நாலு மணி வரை வேனில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

படி 6: அட்வான்ஸ்

வயதானவர்கள் இருந்தால் படி தாழ்ந்த வண்டி, பழசாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லோரும் இளவட்டம், கடற்கரையும் உண்டு என்றால் மினிமம் கிலோமீட்டர் வண்டியும் புஷ்பேக் சீட்டும். முடிவு செய்ததும் வண்டி எண், வாடகை, பேட்டா, டோல், பார்க்கிங், பெர்மிட் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நாள் கணக்கு நள்ளிரவோடு முடிகிறதா, 24 மணி நேரமா என்பதும் அதில் இருக்கட்டும். பார்த்த வண்டி ஒன்று, வாசலுக்கு வருவது வேறு என்பது சீசனில் நடக்கிற கதை. எண் மாறினால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டு, அப்புறம் பணத்தை அனுப்புங்கள்.